கேமரா பிடித்தே வருடம் போகிறது, பித்தப்பையை எப்போது கையில் தருவார்கள்?

பிப்ரவரி 4, இரவு 11.20 – கேள்வி

அறுவை மருத்துவப் பயிற்சியில் மூன்றாம் வருடம். இதுவரை 64 லேப் கோலியில் (சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுப் பித்தப்பையை அகற்றும் அறுவை) கேமரா பிடித்திருக்கிறேன். துளை போட விடுகிறார்கள், கடைசியில் தோலைத் தைக்க விடுகிறார்கள். நடுவில் இருப்பதைத் தொட விடுவதில்லை. பெட்டிக்குள் கருவிகளை விட்டுப் பழகும் பெட்டிப் பயிற்சியில் என் பேட்ச்சிலேயே வேகமாக முடிச்சுப் போடுவது நான்தான். கை தயார். ஒரு முப்பது கேஸ் கொடுத்துப் பார்த்தால் தெரியும். எத்தனை கேஸ் பார்த்த பிறகு ஜூனியர் கையில் தர வேண்டும்? கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஒரு எண் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5, காலை 6.10 – ஒரு சீனியரின் பதில்

எண் கேட்டீர்கள், எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. 55 அறுவை மருத்துவர்கள், 8,839 லேப் கோலி, 15 பித்தநாளக் காயங்கள். அந்தக் காயங்களில் 90 சதவீதம் அந்தந்த மருத்துவரின் முதல் 30 கேஸுக்குள் நடந்தவை. முதல் கேஸில் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 சதவீதம், ஐம்பதாவது கேஸில் 0.17 என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நீங்கள் கேட்கும் முப்பதுதான் அந்த முப்பது.

அப்புறம், கை தயார் என்கிறீர்கள். கையைப் பற்றி யாருக்கும் பயமில்லை. 2003-ல் 252 பித்தநாளக் காயங்களை வீடியோவும் குறிப்புகளுமாக அலசிய ஆய்வு வந்தது. அதில் 97 சதவீதத்துக்கு முதல் காரணம் கண் ஏமாந்தது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுப் பித்தநாளத்தை, வெட்ட வேண்டிய பித்தப்பை நாளம் என்று நம்பி, நிதானமாக, அழகாக, நடுங்காத கையால் வெட்டியிருக்கிறார்கள். கைத்திறன் குறைவு என்று சொல்லக்கூடியது வெறும் 3 சதவீதம். வேகமாக முடிச்சுப் போடுகிறவர் தப்பான குழாயையும் வேகமாகத்தான் வெட்டுவார்.

64 கேஸில் கேமரா பிடித்தது இதில் கணக்கில் வராது. டிவி பார்த்ததற்குச் சமம்.

பிப்ரவரி 5, இரவு 9.45

காலையில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குக் கிளம்பும் அவசரம். சரி, என் கதையைச் சொல்கிறேன்.

நானும் உங்களைப்போல் நச்சரித்து வாங்கிய கேஸ் அது. ஒல்லியான நோயாளி, கொழுப்பே இல்லை, வீக்கம் இல்லை. உதவிக்கு நின்றவர் பித்தப்பையின் உச்சியை நோயாளியின் வலது தோள் பக்கம் தள்ளிப் பிடித்திருந்தார். கழுத்துப் பகுதியை நான் இடது கையால் பிடித்து, அதையும் மேல் நோக்கியே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாய் தெரிந்தது. சுத்தமான, நேரான குழாய். நேராகப் பித்தப்பைக்குள் போவதுபோல் இருந்தது. வெட்டும் முன் குழாயை அடைக்கும் கிளிப்பைக் கேட்டேன்.

சீனியர் கிளிப்பைத் தரவில்லை. “அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, காட்டு” என்றார். கழுத்தைக் கீழாகவும் வலது பக்கமாகவும் இழுத்தேன். நேராக இருந்த குழாய் மடங்கியது. பக்கவாட்டில் ஒரு சின்ன மடிப்பு என்று நான் ஒதுக்கியிருந்தது விரிந்து இன்னொரு குழாயானது. அதுதான் பித்தப்பை நாளம். நான் கிளிப் கேட்டது பொதுப் பித்தநாளத்துக்கு.

பிறகு பல நாள் தூக்கம் வரவில்லை. தப்பு செய்யப் பார்த்தேன் என்பது ஒருபுறம். அந்த நொடி வரை எனக்குத் துளி சந்தேகம்கூட வரவில்லை என்பதுதான் அதைவிட உறுத்தியது. சந்தேகம் வந்திருந்தால் நானே நின்றிருப்பேனே.

இழுக்கும் திசை ஏன் முக்கியம் என்று யாரும் எனக்கு முன்பே வரைந்து காட்டவில்லை. உச்சி, கழுத்து இரண்டையும் மேலே இழுத்தால் பித்தப்பை நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். இரண்டு குழாய் ஒரு குழாய்போல் தெரியும். கழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் நடுவில் இடைவெளி திறக்கும். ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் புரியும் விஷயம்.

பிப்ரவரி 6, மதியம் 2.30

கிளிப் போடுவதற்கு முன் நான் கேட்பது அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல் பெயர் வைத்த அந்தப் பாதுகாப்புக் காட்சியைத்தான். பித்தப்பை நாளத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள கலோ முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் முழுக்கச் சுத்தமாகியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு, அது ஒட்டியிருக்கும் கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்து, படுகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு மட்டும் போவது தெரிய வேண்டும், ஒரு நாளம், ஒரு தமனி.

ஜூனியர்கள் மூன்றாவதை மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாவதை விட்டுவிடுவார்கள். படுகையிலிருந்து பிரிக்காமலே “இரண்டு தெரிகிறது சார்” என்பார்கள். பொதுப் பித்தநாளமும் வலது கல்லீரல் தமனியும்கூட இரண்டுதான்! கீழ்ப்பகுதியைப் பிரித்து அந்த ஜன்னல் வழியாகக் கல்லீரலைப் பார்த்தால்தான் அந்த இரண்டும் பித்தப்பைக்கே உரியவை என்று உறுதியாகும்.

பிப்ரவரி 6, மாலை 6.05

திருத்தம். கலோ முக்கோணம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். 1891-ல் கலோ சொன்ன முக்கோணத்தின் மேல் எல்லை பித்தப்பைத் தமனி. நாம் இன்று சுத்தம் செய்வது கல்லீரலின் கீழ் விளிம்பு வரை நீளும் பெரிய முக்கோணம். தியேட்டரில் எல்லோரும் கலோ என்றே சொல்கிறோம், கலோவுக்கு மறுப்பு எழுத வாய்ப்பில்லை என்ற தைரியத்தில். ஆனால் தேர்வில் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 10.15

பெட்டிப் பயிற்சியைக் கிண்டல் செய்ததாக ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கிண்டல் செய்யவில்லை ஐயா. கருவியின் கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் உள்ளே நுனி இடப்புறம் போகும். ஆழம் திரையில் தெரியாது. தொடுவுணர்வு பாதிதான். இதையெல்லாம் ஒரு மனிதரின் வயிற்றில் பழகுவது அநியாயம். அட்டைப்பெட்டி, கைப்பேசி கேமரா, பழைய கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் கருவி) இரண்டு போதும். வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் பழகினேன்.

பயனுக்கு ஆதாரமும் உண்டு. 2002-ல் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்து ஒரு ஆய்வு. பாதிப் பேருக்கு மட்டும் கணினிப் பாவனைக் கருவியில் பயிற்சி. பிறகு நிஜ நோயாளியில், கல்லீரல் படுகையிலிருந்து பித்தப்பையைப் பிரிக்கும் பகுதி. பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். மற்றவர்கள் செய்த பிழைகள் ஆறு மடங்கு.

ஆனால் இதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 2004-லிருந்து நடக்கும் எஃப்.எல்.எஸ். என்ற லேப்ராஸ்கோபி அடிப்படைத் தேர்வின் கைவேலைப் பகுதியில் ஐந்து பணிகள். சின்னச் சின்ன வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, வட்டமாக வெட்டுவது, சுருக்குப் போடுவது, இரண்டு வகை முடிச்சு. எல்லாம் நல்ல பணிகள். ஐந்தில் எதுவும் “இது எந்தக் குழாய்?” என்று கேட்பதில்லை. பெட்டிக்குள் எல்லாக் குழாயும் சரியான குழாய்தான்.

பிப்ரவரி 9, காலை 5.50

5-ம் தேதி சொன்ன கதையில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்தே சொன்ன பொய் இல்லை. பல வருடமாக ஜூனியர்களிடம் சொல்லிச் சொல்லி மெருகேறிவிட்டது. நேற்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். சீனியர் அப்படி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். “விலகு” என்றார். கழுத்தை அவரே இழுத்துக் காட்டினார். மீதி கேஸை அவரே முடித்தார். நான் கேமராவுக்குத் திரும்பினேன். “பின்னால் என்ன இருக்கிறது, காட்டு” என்பது நான் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகு என் வாயில் வந்த கேள்வி. அதை அவர் வாயில் நானே வைத்திருக்கிறேன்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், அந்த இரண்டு விதத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மணிக்கட்டைப் பிடித்ததால் அன்று அந்த நோயாளி தப்பினார். அதற்குச் சீனியருக்கு என்றும் நன்றி. ஆனால் நான் கற்றது “சீனியர் பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்வார்” என்பதைத்தான். நானே நிற்கக் கற்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

பிப்ரவரி 11, இரவு 8.30

இந்த முப்பது கேஸ் விஷயத்திலும் நான் நேர்மையாக இல்லை. அந்த 55 பேரும் ஜூனியர்கள் இல்லை. வயிற்றைத் திறந்து பித்தப்பை எடுப்பதில் பழுத்தவர்கள், புதிதாக வந்த முறையைக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். அந்தக் காலத்தில் பலருக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. உங்கள் பக்கத்தில் ஆள் நிற்பார். அந்த எண்ணை அப்படியே உங்கள் தலையில் கட்டியது தப்பு.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லட்டுமா? பேச்சு திசைமாறுகிறது, பரவாயில்லை. 1882-ல் பெர்லினில் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அதற்கு முன் பல வருடம் சடலங்களில் செய்து பழகியிருந்தார். நூறு வருடம் கழித்து, 1985 செப்டம்பர் 12-ல், ஜெர்மனியில் எரிக் மியூஹே லேப்ராஸ்கோபி வழியாக முதல் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருடம் மாநாட்டில் சொன்னபோது சக மருத்துவர்கள் ஏளனம் செய்தார்கள். 1987-ல் லியோனில் மூரே செய்த பிறகு உலகமே ஓடத் தொடங்கியது. ஓட்டம் என்றால் நிஜமாகவே ஓட்டம். வாரக்கடைசியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், திங்கட்கிழமை நோயாளியை மேசையில் ஏற்றியவர்கள் உண்டு. காயங்கள் பெருகின. 1992-ல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை தலையிட்டு, தனியாகச் செய்யும் முன் மேற்பார்வையில் குறைந்தது 15 செய்திருக்க வேண்டும் என்றது.

உங்களுக்கு ஒரு எண் வேண்டுமென்றால் இதோ, 15. ஆனால் அது அந்த ஓட்டத்தை நிறுத்தப் போட்ட வேலி. ஒருவர் தயாரா என்று அளக்கும் அளவுகோலாக நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி 12, காலை 7.00

கேமராவைப் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். இந்த வாரம் திருத்தம் எழுதியே போகிறது.

97 சதவீதம் கண் ஏமாறுவதால் என்று நானேதான் எழுதினேன். அந்தக் கண்ணை யார் பிடித்திருக்கிறார்? நீங்கள். முனை சாய்ந்த முப்பது டிகிரி ஸ்கோப்பை (கேமராக் குழாயை) சுழற்றினால் அதே குழாயின் பின்பக்கம் தெரியும். சுழற்றாமல் அசையாமல் பிடிக்கும் கேமராக்காரர் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவார், ஆனால் பின்பக்கத்தைக் காட்ட மாட்டார். ரூவியர் பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-ல் விவரிக்கப்பட்ட, கல்லீரலின் வலப்புறம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும் பிளவு. வெட்டுவதெல்லாம் அதற்கு மேலே இருந்தால் பொதுப் பித்தநாளத்திலிருந்து விலகி இருக்கிறோம். கேமரா மிக நெருக்கத்தில் இருந்தால் அந்தப் பள்ளம் படத்திலேயே இருக்காது. அவ்வப்போது பின்வாங்கி முழு இடத்தையும் காட்டுவது உங்கள் வேலை. திசை தொலைவது நெருக்கத்தில்தான்.

அடுத்த கேஸில் ஒன்று செய்து பாருங்கள். சீனியர் கிளிப் கேட்கும் முன், எது நாளம், எது தமனி, ஏன் என்று மனதுக்குள் சொல்லிவிடுங்கள். கேஸ் முடிந்ததும் பார்த்ததைப் பென்சிலில் வரையுங்கள். 64 கேஸில் எத்தனையை உங்களால் வரைய முடியும்? இப்படி இருபது வரைபடத்தை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தால் அவர் கையில் கருவியைத் தர நான் யோசிக்க மாட்டேன்.

பிப்ரவரி 15, இரவு 11.40

நான் எப்படித் தருகிறேன் என்று கேட்டிருந்தார்கள். பின்னாலிருந்து முன்னால். முதலில் கடைசிப் பகுதி, அதாவது கிளிப் எல்லாம் போட்டு வெட்டிய பிறகு படுகையிலிருந்து பித்தப்பையைப் பிரிப்பது. தப்பு செய்தால் கொஞ்சம் ரத்தம், பை ஓட்டையாகிக் கொஞ்சம் பித்தம், சிதறிய கற்களைப் பொறுக்கும் தண்டனை. அடுத்து உச்சியைப் பிடிப்பது, ஒட்டுகளைப் பிரிப்பது. முக்கோணம் அதற்குப் பிறகு. அதிலும் பின்பக்கத்தை முதலில் திறக்கச் சொல்வேன்.

ஹுக்கில், அதாவது மின்சூட்டால் திசுவை வெட்டும் கொக்கிக் கருவியில், ஒரே விதி. கொக்கியில் மாட்டியதைத் தூக்கிக் காட்டு, அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தால் மட்டும் பெடலை மிதி. நாளத்துக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் மிதிக்காதே. சூட்டுக் காயம் அன்றைக்குத் தெரியாது, பல நாள் கழித்துக் கசிவாகவோ, மாதங்கள் கழித்து நாளம் குறுகிய அடைப்பாகவோ வந்து நிற்கும்.

இதில் எனக்கே வராத ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஜூனியர் மெதுவாகப் போனால் என் கை தானாக நீளும். மயக்க மருந்து நிபுணர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கும். ஒரு சமயம் நல்ல கைக்கார ஜூனியர் ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு கேஸில் தொடர்ந்து பாதியில் வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் தனியாகச் செய்யும்போது சரியாக நான் வாங்கும் இடத்தில் வந்ததும் திகைத்து நின்றார். அங்கிருந்து மேலே போக அவரை நான் விட்டதே இல்லையே! இப்போது கையை நீட்டும் முன் வாயைத் திறக்க முயல்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

பிப்ரவரி 16, காலை 6.30

எழுத மறந்தது. பாதியில் விடக் கற்பிப்பதுதான் எங்கள் பயிற்சியில் ஓட்டை. வீங்கி, ஒட்டி, கல்லாக இறுகிய முக்கோணம் வரும். அங்கே பாதுகாப்புக் காட்சி கிடைக்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தோண்டுகிறவர்தான் மாட்டுவார். நிறுத்து. இன்னொரு சீனியரைக் கூப்பிடு. சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார். பித்தப்பையைத் திறந்து, கற்களை எடுத்து, கழுத்துப் பகுதியை அங்கேயே விட்டு, மீதியை மட்டும் அகற்றி, வடிகுழாய் வைத்து வெளியே வா. சில நாள் பித்தம் கசியலாம், மிஞ்சிய பகுதியில் பிற்காலத்தில் கல் வரலாம். இரண்டுக்கும் வழி உண்டு. துண்டிக்கப்பட்ட பொதுப் பித்தநாளத்துக்கும் வழி உண்டு, ஆனால் அது குடலோடு இணைக்கும் பெரிய அறுவை, நோயாளி வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பில்.

கஷ்டமாக இருந்தால் பித்தப்பையை உச்சியிலிருந்து பிரித்துக்கொண்டே கீழே இறங்கலாமே என்பார்கள். சுருங்கி இறுகிய பித்தப்பையில் அது வலது கல்லீரல் நாளங்களுக்கே கூட்டிக்கொண்டு போகும். வயிற்றைத் திறந்துவிடலாமே என்பார்கள். திறக்கலாம். ஆனால் என் ஜூனியர்களில் பலர் திறந்து செய்த பித்தப்பை அறுவையை விரல்விட்டு எண்ணும் அளவுதான் பார்த்திருக்கிறார்கள். வருடத்தின் மிகக் கடினமான கேஸில் முதன்முறையாகத் திறந்து பழகுவது என்ன பாதுகாப்பு?

நான் பயிற்சியில் இருந்தபோது பாதி மட்டும் எடுத்துவிட்டு வந்தால் மறுநாள் கூட்டத்தில் தலை குனிய வேண்டும். அந்தச் சூழலில் யார் நிறுத்துவார்? இப்போது எங்கள் கூட்டத்தில், பாதியில் நிறுத்திய கேஸைச் செய்தவர் முதலில் பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை. (நான் குறுக்கிட்டேன், இரண்டு முறை. சொல்லித் திருத்தினார்கள்.)

பிப்ரவரி 19, மதியம் 1.10

படம் எடுத்து வைப்பது பற்றி ஒரு வரி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு படமும் கிளிப்புக்கு முன். 2014-ல் வந்த யோசனை. வழக்குக்காக என்று நினைப்பார்கள். படம் எடுக்கவென்று கை நிற்கும் அந்தப் பத்து நொடிதான் எனக்கு வேண்டியது.

பிப்ரவரி 22, இரவு 9.00

“இத்தனை எழுதியும் எத்தனை கேஸ் என்று சொல்லவில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். என்னிடம் எண் இல்லை. நீங்களாகவே “இது எனக்குப் புரியவில்லை” என்று சொல்லிக் கருவியை நிறுத்தும் நாளுக்காக உங்கள் சீனியர் காத்திருக்கலாம். அதைச் சொன்னால் கேஸ் கையைவிட்டுப் போகும் என்று நீங்கள் பயப்படலாம். இரண்டு பேரும் இதை வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டீர்கள். பேசிவிடுங்கள், தியேட்டருக்கு வெளியே, கை கழுவும் முன்பே.

பிப்ரவரி 27, மாலை 7.20

இன்று நடந்தது. என் ஜூனியர் முக்கோணத்தைத் திறந்து முடித்தார். எனக்குக் காட்சி திருப்தி. இரண்டு இருக்கிறது, ஜன்னல் தெரிகிறது. “கிளிப் கேட்கலாமே” என்றேன். “இன்னும் இல்லை சார், பின்னால் ஏதோ ஒன்று இழுக்கிறது” என்று ஹுக்கைக் கீழே வைத்தார். இன்னும் பதினைந்து நிமிடம் போனது. தமனியின் பின்கிளை ஒன்று தனியாக வந்துகொண்டிருந்தது. அதற்கும் கிளிப் போட்டார். எனக்குத் தெரியாமலே வெட்டுப்பட்டிருந்தால் ரத்தத்தில் திரை சிவந்து, அவசரத்தில் குருட்டுக் கிளிப் போட வேண்டி வந்திருக்கும்.

அந்த நேரம் முழுக்கக் கேமரா நான் பிடித்திருந்தேன். படம் சாய்கிறது என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். தோல் தையலும் எனக்கே விட்டார்.